21 நாள், 7 கடற்கரை ஊர், ஒரு தோழி: தாங்குமா?

மணல்கால் எழுதியது:

வணக்கம். நானும் என் தோழியும் ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த விடுப்பில் 21 நாள் கிளம்புகிறோம். முதுகில் ஒரு பை, வெப்பமண்டலக் கடற்கரை ஊர்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பேருந்து அல்லது படகு. அவ்வளவுதான் திட்டம். நான் ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன்: 7 ஊர், ஊருக்கு 3 நாள். ஊர்ப் பெயர்களை வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் "அங்கே ஏன் போகிறாய், இங்கே போ" என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

கேட்க வந்தது இது. பை எத்தனை லிட்டர் இருக்க வேண்டும்? அவள் 65 லிட்டர் பை வாங்கியே விட்டாள். நான் 40 போதும் என்கிறேன். பணத்தை எப்படிப் பங்கு போடுவது? அப்புறம், அவள் தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள், நான் நீச்சல் குளத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தட்டுத் தடுமாறிப் போய்ச் சேருகிற ஆள். கடலில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதே இல்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

இன்னொன்று. பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம், ஆனால் ஒரே அறையில் இரண்டு இரவுக்கு மேல் சேர்ந்து தங்கியதில்லை. இது ஒரு விஷயமா என்று தெரியவில்லை, சொல்லி வைக்கிறேன்.

ஏழுகிலோ எழுதியது:

40 லிட்டர். இதில் விவாதமே கிடையாது. மலிவு விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான் வரம்பு, என் பெயர் வந்ததே அதில்தான். 65 லிட்டர் பை வாங்கினால் 65 லிட்டருக்கும் சாமான் தானாக வந்து சேரும். படகிலிருந்து இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து கரைக்குப் போகிற இடத்தில் அந்தப் பையைத் தலையில் தூக்கிக்கொண்டு போகும்போது அவருக்கே புரியும்.

உடுப்பு மூன்று செட். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். ஜீன்ஸ் வேண்டாம், தடித்த பருத்தியும் வேண்டாம், அந்த ஈரக்காற்றில் இரண்டு நாளானாலும் காயாது, மூன்றாம் நாள் நாறும். கடலில் நனைந்ததைக் கட்டாயம் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் காயப்போடுங்கள். துணியில் தங்கிய உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எவ்வளவு வெயிலில் போட்டாலும் பிசுபிசுப்பு போகாது. பையின் ஜிப்பையும் அலசுங்கள். என் பழைய பை கிழிந்து போகவில்லை, ஜிப் உப்பில் இறுகித்தான் செத்தது.

வாய்ப்பகுதியை மூன்று முறை சுருட்டிக் கொக்கி மாட்டுகிற நீர்புகாப் பை ஒன்று, 10 லிட்டர் போதும். ஃபோன், பாஸ்போர்ட், பணம் எல்லாம் படகில் அதற்குள். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பொதுவாக 100 வாட்மணி வரை கேள்வி கேட்காமல் விடுவார்கள், அதாவது சுமார் 27,000 எம்ஏஎச்.

நண்டுவளை எழுதியது:

எந்த இழையைத் திறந்தாலும் ஏழுகிலோ தராசோடு உட்கார்ந்திருக்கிறார். :)

மணல்கால், பையை விடுங்கள். உங்கள் அட்டவணைதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கணக்குப் போடலாம். போக ஒரு நாள், வர ஒரு நாள், மிச்சம் 19. ஏழு ஊர் என்றால் நடுவில் ஆறு இடமாற்றம். ஊர் மாறுகிற நாள் என்பது காலையில் பை கட்டி, அறையைக் காலி பண்ணி, படகுக்குக் காத்திருந்து, அது தாமதமாகி, போய் இறங்கி, அறை தேடி, குளித்து முடித்தால் பொழுது சாய்ந்திருக்கும். ஆறு நாள் அதில் போச்சு. மிச்சம் 13. அதில் ஒரு நாளாவது மழை, ஒரு நாளாவது ஒருவருக்கு வயிறு சரியிருக்காது. ஊருக்கு ஒன்றரை நாள்தான் மிஞ்சும். கடற்கரை ஊரில் முதல் நாள் யாரும் எதையும் பார்ப்பதில்லை, வெயிலில் மயங்கிக் கிடப்பார்கள்.

மூன்று ஊர். மிஞ்சினால் நான்கு.

மணல்கால் எழுதியது:

திரும்ப இப்படி ஒரு விடுப்பு எப்போது கிடைக்குமோ தெரியாது, அதனால்தான் ஏழு. இன்னும் எதுவும் முன்பதிவு செய்யவில்லை, யோசிக்கிறேன். ஆனால் அவளும் சரி என்றுதானே சொன்னாள்.

உப்புக்காற்று எழுதியது:

பெயர் சொல்ல வேண்டாம், ஆனால் அந்த ஏழும் ஒரே பக்கக் கடலா என்று மட்டும் பாருங்கள். பலர் 'இந்த நாட்டுக்கு இந்த மாதம் சீசன்' என்று படித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நாட்டுக்குச் சீசன் கிடையாது, கரைக்குத்தான் சீசன். தாய்லாந்தில் அந்தமான் கடல் பக்கம், அதாவது புக்கெட், கிராபி எல்லாம், மே முதல் அக்டோபர் வரை கொந்தளிப்பாக இருக்கும். அதே நாட்டின் மறுபக்கம் வளைகுடாவில் இருக்கும் சமுயியில் கனமழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இலங்கையிலும் அப்படித்தான். தெற்கிலும் மேற்கிலும் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்கே அறுகம்பையில் வெயில் காய்கிறது, அலைச்சறுக்குக்காரர்கள் கூடுவதே அப்போதுதான். கரீபியன் பக்கம் என்றால் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம்.

பொழுது சாய்வதையும் கவனத்தில் வையுங்கள். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். மறைந்த பிறகு வெளிச்சம் இருபது நிமிஷம், கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். 'சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து திரும்பலாம்' என்று பாறைமுனைக்குப் போகிறவர்கள் இருட்டில் மாட்டிக்கொள்வார்கள். அந்த நேரம் கடலும் ஏறுகிறது என்றால், வரும்போது நடந்த மணல் திரும்பும்போது இருக்காது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே பெரும்பாலான கரைகளில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிஷம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். கையில் தலைவிளக்கு ஒன்று இருக்கட்டும்.

கரையேறி எழுதியது:

நீச்சல் கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. நான் சில வருஷம் கரைக்காவல் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலில் ஆளைக் கொல்வது பெரிய அலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் இழுத்து வெளியே போட்டவர்களில் பெரும்பாலோர் அலையே இல்லாத இடத்தில் இறங்கியவர்கள். அலைகள் கரைக்குக் கொண்டு வந்து கொட்டுகிற தண்ணீர் எங்கேயாவது வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும் இல்லையா? மணல்திட்டு எங்கே தாழ்ந்திருக்கிறதோ அந்த இடைவெளி வழியாக அது மொத்தமும் ஒரு வாய்க்கால் மாதிரி வெளியே ஓடும். அதுதான் இழுப்பு நீரோட்டம். ரிப் என்பார்கள். கரையிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, சலனமில்லாமல் இருக்கும். நீச்சல் தெரியாதவர் எங்கே இறங்குவார்? அங்கேதான். 'இங்கே அலை இல்லை, பயமில்லை' என்று குழந்தையைக் கூட்டிக்கொண்டு இறங்குவார்.

சாதாரணமாக இது விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகும். வேகம் கூடும்போது 2 மீட்டருக்கு மேலும் போனதாக அளந்திருக்கிறார்கள். 100 மீட்டர் நீச்சலின் உலக சாதனை வேகமே அந்த அளவுதான். எனவே எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது, உங்கள் தோழியாலும் முடியாது. இது உங்களைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்தால் மூச்சு இருக்கும். மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரைக்கு வாருங்கள்.

இறங்கும் முன் பத்து நிமிஷம் உயரமான இடத்தில் நின்று பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்கலாம், அங்கே காவலர் கண் இருக்கிறது என்று அர்த்தம். முழுச் சிவப்பு என்றால் ஆபத்து. ஊதா என்றால் சொறிமீன் மாதிரி ஏதோ தண்ணீரில் இருக்கிறது.

மணல்கால், உங்களுக்குத் தனியாக ஒன்று. அவள் மாட்டிக்கொண்டால் நீங்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவர் முழுகி, மாட்டியவர் தானாகக் கரை சேர்ந்த கதைகள் என்னிடம் இருக்கின்றன. மிதக்கிற எதையாவது எறியுங்கள், பலகை, மூடிய காலி கேன், எதுவானாலும் சரி. கத்துங்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

நண்டுவளை எழுதியது:

கரையேறி, இந்தப் பதிவை யாராவது மேலே ஒட்டி வைக்க வேண்டும்.

ஏழுகிலோ எழுதியது:

ஒட்டி வைக்கட்டும். கூடவே இதையும் சேருங்கள்: ஆழம் குறைந்த மணலில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில், சுமார் 45 டிகிரி, காலை வைத்திருங்கள், அந்த நஞ்சின் வலி சூட்டில் குறையும். முள் உள்ளே இருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

வெயிலுக்குக் களிம்பு வாங்குகிறவர்கள் எஸ்பிஎஃப் 50 வாங்கிவிட்டு ஒரு தடவை தடவினால் போதும் என்று நினைக்கிறார்கள். 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு மணிக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து ஏறியதும் இன்னொரு முறை தடவுகிறீர்களா என்பதுதான் முக்கியம்.

பவளம் எழுதியது:

தடவுவதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் இருந்தால் வேண்டாம், பவளப்பாறைக்குக் கேடு என்கிறார்கள். ஹவாயில் 2021 முதல் அவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் களிம்பைக் கடையில் விற்கத் தடை. பசிபிக் தீவுநாடான பலாவு அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே, 2020இல், தடை செய்துவிட்டது.

ஏழுகிலோ எழுதியது:

பவளப்பாறை வெளுப்பதற்குப் பெரிய காரணம் கடல் சூடாவது. களிம்பைக் குற்றம் சொல்லிவிட்டு விமானத்தில் பறக்கிறோம், கேட்டால் நாம் நல்லவர்கள்.

பவளம் எழுதியது:

சூடாவதுதான் முதல் காரணம், யார் இல்லை என்றது? வீடு எரியும்போது நான் தீக்குச்சி கொளுத்தினால் என்ன என்பது மாதிரி இருக்கிறது நீங்கள் பேசுவது. கூட்டமே ஒரு கரையை நாசம் பண்ணும். தாய்லாந்தில் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். மூடியிருந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் அந்த ஆழமில்லாத தண்ணீருக்குத் திரும்பி வந்தன.

சண்டை வேண்டாம் என்றால் எளிய வழி இருக்கிறது. முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். முதுகு, தோள் இரண்டும் மூடிவிடும், களிம்பு கால்வாசிதான் செலவாகும். மிதந்துகொண்டே கண்ணாடி வழியாகக் கீழே பார்க்கிறவர்களுக்கு முழங்காலின் பின்பக்கம் எப்படி வேகும் தெரியுமா? இரண்டு நாள் படி இறங்க முடியாது.

ஏழுகிலோ எழுதியது:

நீச்சல் சட்டைக்கு நான் எதிரி இல்லை. 200 கிராம்தான். :)

அரைத்தூக்கம் எழுதியது:

பணத்துக்கு வருகிறேன். பொதுப் பை ஒன்று வையுங்கள். ஒரு சின்ன ஜிப் பர்ஸ், இரண்டு பேரும் சம அளவு போட வேண்டும். அறை, படகு, பேருந்து, சேர்ந்து சாப்பிடுவது எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடியும் சம அளவு. அவரவர் ஆசை, அதாவது ஆழ்கடல் மூழ்கல், அலைச்சறுக்கு வகுப்பு, இரண்டாவது ஐஸ்க்ரீம், இதெல்லாம் சொந்தப் பணம். பர்ஸை ஒருவர் ஒரு வாரம், மற்றவர் அடுத்த வாரம் வைத்திருக்கட்டும். ஒருவரே வைத்திருந்தால் அவர் நிதியமைச்சர் ஆகிவிடுவார், மற்றவர் மனு போட வேண்டியிருக்கும்.

'நான் இதைக் கொடுக்கிறேன், நீ அதைக் கொடு, கடைசியில் கணக்குப் பார்க்கலாம்' என்பது மட்டும் வேண்டாம். கடைசியில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, மனசில் மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கடைசி நாட்களுக்கு மூழ்கலை ஒதுக்காதீர்கள். ஒருமுறை மூழ்கினால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கினால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மேலே போனதும் குமிழாகும்.

அப்புறம், உங்களில் யார் குறட்டை விடுவார்கள்?

கடைசிவரிசை எழுதியது:

நான்தான் அந்த 65 லிட்டர்.

இந்த இழையை என் கண்ணில் படாது என்று நினைத்து ஆரம்பித்திருக்கிறாள். 'மணல்கால்' என்று பெயர் வைத்தால் எனக்குத் தெரியாதா? ஏழாவது படிக்கும்போது சுற்றுலா போய்த் திரும்பி, பஸ் முழுக்க மணல் கொட்டித் திட்டு வாங்கியவள் யார் என்று எனக்குத் தெரியும்.

குறட்டை நான் இல்லை. அவள்.

ஏழு ஊருக்கு நான் சரி என்றது உண்மை. அட்டவணையை நான்கு நிறத்தில் வண்ணம் அடித்து, படகு நேரம் எல்லாம் எழுதி அனுப்பியிருந்தாள். அவ்வளவு வேலை பார்த்தவளிடம் 'எனக்கு ஒரே ஊர் போதும்' என்று எப்படிச் சொல்வது? எனக்கு வேண்டியது அதுதான். ஒரு ஊரில் பத்து நாள் இருந்து, தெரு நாய்க்கு என்னை அடையாளம் தெரிய வேண்டும்.

கரையேறி சொன்னதைப் படித்தேன், ரிப் பற்றி எனக்கு முழுதாகத் தெரியாது, நன்றி. ஆனால் நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் நீந்தும்போது இவள் கரையில் நின்று கை காட்டிக்கொண்டே இருப்பாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை. நான் திரும்பக் கை காட்டவில்லை என்றால் முகம் வெளிறிவிடும். அதனால் நான் நீந்துவதே இல்லை, அலையில் நின்று இவளுக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது என்பதையும் அவள் எழுதவில்லை. தண்ணீருக்குள் மீன், தண்ணீருக்கு மேல் பூனை. ஏழு ஊர் என்றால் எத்தனை படகு என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு.

மணல்கால் எழுதியது:

அடிப்பாவி. இதையெல்லாம் ஃபோனில் சொல்லக் கூடாதா?

கடைசிவரிசை எழுதியது:

நீ குறட்டையை ஃபோனில் ஒத்துக்கொண்டிருப்பாயா?

நண்டுவளை எழுதியது:

இரண்டு பேரும் இங்கேயே பேசுங்கள், எங்களுக்கும் பொழுது போகும்.

சரி, என் கதையைச் சொல்கிறேன். பத்து வருஷ நண்பன் ஒருவனோடு ஒரு மாதம் கிளம்பினேன். சண்டை போட்டுக்கொள்ளவே இல்லை, அதுதான் பிரச்சினையே. "எங்கே சாப்பிடலாம்?" "உன் இஷ்டம்." "இன்னொரு நாள் இருக்கலாமா?" "உனக்கு எது சரியோ." எனக்கு வெயிலில் நடக்கப் பிடிக்காது, அவனுக்கு விடுதி வராந்தாவில் படுத்துக் கிடக்கப் பிடிக்காது. இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து, இரண்டு பேருக்கும் பிடிக்காததை 18 நாள் செய்தோம். பத்தொன்பதாம் நாள் படகுத்துறையில், தண்ணீர் பாட்டில் யார் வாங்குவது என்று ஆரம்பித்து, அவன் ஒரு படகில் ஏறினான், நான் வேறு படகில் ஏறினேன். கேட்டால் சிரிப்பாக இருக்கும். மறுபடி பேச ஒன்றரை வருஷம் ஆனது.

அதற்குப் பிறகு யாரோடு போனாலும் ஒரு நிபந்தனை. 'உன் இஷ்டம்' என்ற சொல்லுக்கு அனுமதி இல்லை. வேண்டும், வேண்டாம், இரண்டில் ஒன்று. கூடவே வாரத்தில் இரண்டு பகல் தனித்தனியாக. காலையில் பிரிந்து பொழுது சாய்வதற்குள் அறைக்குத் திரும்புவது. அன்றைக்குத்தான் ராத்திரி பேச ஏதாவது இருக்கும். மூன்று வாரம் ஒரே காட்சியை ஒட்டி நின்று பார்த்தவர்களிடம் சொல்ல என்ன கதை இருக்கும்?

கரையேறி எழுதியது:

கை காட்டுவதற்கு: நாங்கள் புதியவர்களுக்குச் சொல்வது, நேரம் பேசிக்கொள்ளுங்கள். 'இந்தக் கொடிக்கும் அந்தப் பாறைக்கும் நடுவில் இருப்பேன், நாற்பது நிமிஷத்தில் வருவேன்.' அதற்குள் கை காட்டத் தேவையில்லை. ஒரு கையை நீட்டி அசைத்தால் உதவி வேண்டும் என்று அர்த்தம், அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். கரையில் இருந்து சும்மா கை ஆட்டுவதை முதலில் நிறுத்துங்கள் மணல்கால், காவலருக்கும் குழப்பம்.

கிளம்ப எவ்வளவு நாள் இருக்கிறது? மல்லாந்து மிதக்க மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் குளத்து நீரைவிடத் தூக்கும். காதுவரை தண்ணீரில் விட்டு, முகவாயை மேலே தூக்கி, வயிற்றைத் தளர்த்தி. காதில் தண்ணீர் போகிறதே என்று தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும், எல்லோரும் அங்கேதான் கோட்டை விடுவார்கள்.

அரைத்தூக்கம் எழுதியது:

படகுக்கு: நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால், கீழ்த்தட்டில் உட்காருங்கள், ஆட்டம் அங்கே குறைவு. மாத்திரையை ஏறும் முன்பே, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், குமட்டிய பிறகு போட்டு என்ன பயன்? ஃபோனைப் பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள்.

குறட்டைக்கு: காதடைப்பான். இரண்டு ஜோடி, ஒன்று தொலையும்.

உப்புக்காற்று எழுதியது:

கொசுவை யாரும் பேசவில்லை. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, விடிந்ததும் கொஞ்ச நேரமும் பொழுது சாய்வதற்கு முன்னும் அதிகம். வலை கட்டித் தூங்கினால் போதும் என்று இருக்காதீர்கள். முதலில் வெயில் களிம்பு, அது ஊறிய பிறகு மேலே கொசு விரட்டி, இந்த வரிசையில். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரூஃபென் பக்கம் போகவே வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் விட்டதும் 'சரியாகிவிட்டது' என்று அடுத்த ஊருக்குப் பை கட்டாதீர்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் வருவதெல்லாம் அந்தச் சமயத்தில்தான். வந்தால் நேரே மருத்துவமனை.

ஏழுகிலோ எழுதியது:

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பீர்கள், எல்லோரும் எடுப்பார்கள். அந்த நாட்டில் செல்லும் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் கைவிரிக்கும். பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கொடுக்காதீர்கள், நகலும் முன்பணமும் கொடுங்கள். எடுக்கும் முன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ, பழைய கீறல் எல்லாம் தெரியும்படி. பெரும்பாலும் சைலன்சர் வலப்பக்கம் இருக்கும், பின்னால் உட்கார்ந்தவர் இடப்பக்கமாகவே இறங்குங்கள். கடற்கரை ஊர்களில் வலது கெண்டைக்காலில் வட்டமாகக் கட்டுப்போட்டு நடப்பவர்களைப் பார்த்தால் என்ன நடந்தது என்று கேட்கவே வேண்டாம்.

மணல்கால் எழுதியது:

அட்டவணையைக் கிழித்துவிட்டோம். மூன்று ஊர், ஒரே ஒரு படகு. முதல் ஊரில் எட்டு நாள். நான் தினமும் காலையில் குளத்துக்குப் போய் மல்லாந்து கிடக்கிறேன், காதில் தண்ணீர் போனால் இன்னும் தலையைத் தூக்குகிறேன். 65 லிட்டர் பையை மாற்றமாட்டாளாம், பில்லைத் தொலைத்துவிட்டாள். நாளை மறுநாள் கிளம்புகிறோம்.

மணல்கால் எழுதியது:

திரும்பி வந்து நான்கு நாள் ஆகிறது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

கரையேறி சொன்ன பத்து நிமிஷத்தை முதல் ஊரில் இரண்டாம் நாள் காலையில் செய்து பார்த்தோம். மணல்மேட்டில் ஏறி நின்றோம். முதலில் எதுவும் தெரியவில்லை, கடல் கடல் மாதிரி இருந்தது. ஏழெட்டு நிமிஷம் கழித்து அவள்தான் கை நீட்டினாள். இரண்டு வெள்ளைக்கு நடுவில் ஒரு கருத்த பட்டை, பத்தடி அகலம் இருக்கும், மேலே நுரை வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கணுக்கால் தண்ணீரில் நின்று காய்ந்த ஓலைத் துண்டு இரண்டை வீசினாள். அலை உடைகிற இடத்தில் விழுந்தது உருண்டு புரண்டு கரைக்கே வந்தது. பட்டையில் விழுந்தது யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக வெளியே போனது. முந்தின நாள் சாயங்காலம் நான் 'இங்கேதான் அலை இல்லை' என்று கால் நனைத்த இடம் அதுதான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நாற்பது நிமிஷ ஒப்பந்தம் நன்றாக வேலை செய்தது. முதல் தடவை நாற்பத்திரண்டு ஆனது, நான் மணலில் எழுந்து நின்றுவிட்டேன், கை மட்டும் ஆட்டவில்லை.

சண்டை வந்தது. ஒன்பதாம் நாள், பேருந்து நிலையத்தில், மழையில். அடுத்த ஊருக்குப் போவதா, அங்கேயே இருப்பதா என்று. நான் 'உன் இஷ்டம்' என்றேன். அவள் நண்டுவளையின் பெயரைச் சொல்லித் திட்டினாள். வேண்டும், வேண்டாம் என்று பேசியதில் எனக்குப் போக வேண்டும், அவளுக்கு வேண்டாம். நான் மட்டும் போனேன், அவள் மூன்று நாள் கழித்து வந்தாள். அந்த மூன்று நாளில் நான் பதினான்காவது தடவை மல்லாந்து மிதந்தேன், இடுப்பு இறங்கவில்லை. பார்க்க அவள் இல்லை என்பதுதான் குறை. கொடிகளுக்கு நடுவில்தான், காவலரிடம் சொல்லிவிட்டுத்தான். கரையேறி, நிம்மதியாக இருங்கள்.

இருபதாம் நாள் கொடியில் காயப்போட்ட நீச்சல் சட்டையைக் காற்று கொண்டுபோய்விட்டது. ஏழுகிலோவுக்கு 200 கிராம் மிச்சம்.

கரையேறி எழுதியது:

காவலரிடம் சொன்னது பிடித்தது.

நண்டுவளை எழுதியது:

நாய் என்ன ஆச்சு?

கடைசிவரிசை எழுதியது:

ஆறாம் நாளிலிருந்து வாசலில் காத்திருந்தது. இவள் கிளம்பின பிறகு என்னோடு பேருந்து நிலையம் வரை நடந்தது, நான் ஏறுகிற அன்றைக்கும் வந்தது. அந்தப் பேச்சை விடுங்கள்.

ஒரு விஷயம். 65 லிட்டர் முதுகுப்பை, 21 நாள் மட்டும் பயன்படுத்தியது, ஜிப் நன்றாக அலசியது, யாருக்காவது வேண்டுமா?

ஏழுகிலோ எழுதியது:

யாரும் வாங்காதீர்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போடுங்கள்.